1972 சிஜே3பி ஜீப்: ராக்கர் பேனலுக்குக் காவல் பைப்பா, பிளேட்டா?

தாண்டிக்குடி_ஜீப்:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 1972 மஹிந்திரா சிஜே3பி. பெட்ரோல் எஞ்சின்தான், டீசலுக்கு மாற்றவில்லை. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் போய்வருவதுதான் வண்டியின் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை மண் கரைந்து, கல்லெல்லாம் துருத்திக்கொண்டு நிற்கிறது. முன்சக்கரம் கல்லை விட்டு இறங்கியதும் பாடியின் ஓரம், அதாவது ஏறி உட்காரும் திறப்புக்குக் கீழே உள்ள ராக்கர் பேனல், கல்மேல் உட்கார்ந்துவிடுகிறது. இடது பக்கம் ஏற்கெனவே உள்ளே மடங்கிப் போய்விட்டது.

ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பைப் வைத்து ஸ்லைடர், அதாவது கல்மேல் வழுக்கிப் போகிற காவல் சட்டம், அடி என்கிறார் ஒருவர். 5 மிமீ பிளேட்டை ஓரத்தோடு மடித்து பாடியிலேயே போல்ட் போடு என்கிறார் இன்னொருவர். எங்கள் ஊர் வெல்டரோ, சேஸிஸையும் (அடிச்சட்டம்) பாடியையும் சேர்த்து ஒரே வெல்டாக அடித்துவிடுகிறேன், ஜென்மத்துக்கும் அசையாது என்கிறார். வண்டியை முடிந்தவரை பழையபடியே வைத்திருக்க ஆசை. என்ன செய்யலாம்?

மலையேறி_96:

முதலில் படம் போடுங்க அண்ணே. அடியிலிருந்து எடுத்த படம். ரோஜாத் தோட்டத்துக்கு முன்னால் நிறுத்தி எடுத்தது வேண்டாம் :)

பழைய_பட்டறை:

தம்பி, வெல்டர் சொன்னதை மட்டும் இப்போதே மறந்துவிடுங்கள். அந்த வண்டியின் சேஸிஸ் பெரும்பகுதி திறந்த சி சேனல், அதாவது ஆங்கில C எழுத்து மாதிரி ஒரு பக்கம் திறந்த இரும்பு. மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும், முறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் நாலு சக்கரமும் தரையை விடாமல் இருக்க அதுவும் ஒரு காரணம். பாடி அதன்மேல் ரப்பர் துண்டு வைத்து போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரு பைப்பால் பூட்டினால் சேஸிஸ் முறுக்கம் மொத்தமும் 1.2 மிமீ தகட்டின்மேல் இறங்கும். திறப்பின் முன் மூலையில்தான் முதல் விரிசல் வரும். பட்டறைக்கு வருகிற பழைய ஜீப்பில் அந்த மூலையைச் சுரண்டிப் பாருங்கள், பள்ளம் அடைக்கப் பூசிய பட்டிக்கு அடியில் விரிசல் தெரியும்.

அப்புறம், எதைப் பொருத்துவது என்று யோசிக்கும் முன்னால் ஓரத் தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயின்ட் இருப்பதால் தகடும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரோடு அடியில் படுத்து, தரைத் தகடும் ஓரத் தகடும் சேரும் கோட்டிலும், தரைக்கு அடியில் ஓடும் தொப்பி வடிவச் சேனல்களின் முனைகளிலும் அழுத்திக் குத்துங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பில் இந்தச் சேனலுக்குள் மரக்கட்டையே வைத்திருந்தார்கள். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே தகட்டைத் தின்றது. உங்கள் வண்டியில் கட்டை இருக்காது, சேறு இருக்கும். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்.

தார்_தம்பி:

இவ்வளவு எதுக்கு? ஸ்டீல் புட்ஸ்டெப் ரெடிமேடா கிடைக்குது, ஆன்லைன்லயே ஜோடி வாங்கிப் போட்டுடலாம். பளபளன்னு இருக்கும்.

பழைய_பட்டறை:

கால் வைத்து ஏறுவதற்கு நல்லது. கல்லில் உட்கார்ந்தால் அதுவே மடங்கி ஓரத் தகட்டை உள்ளே தள்ளும். மெல்லிய பைப், இரண்டே பிராக்கெட், அதுவும் பாடியில். கால்படி வேறு, ஸ்லைடர் வேறு. ஸ்லைடர் என்றால் வண்டியின் பாதி எடையைத் தாங்கிக்கொண்டு கல்மேல் வழுக்கிப் போக வேண்டும்.

தாண்டிக்குடி_ஜீப்:

படங்கள் போட்டிருக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் வைத்துப் பார்த்தேன் அண்ணே. வலது பக்கம் முழுக்க டிங் டிங் என்று கெட்டியாகச் சத்தம் வருகிறது. இடது பக்கம் முன் மூலையில் கைவிரல் அகலத்துக்கு உள்ளே போய்விட்டது, ஈரமான கறுப்பு மண் கொட்டியது. பின்சக்கர வளைவுக்கு முன்னால் இன்னொரு இடம் பொத்தல். சேஸிஸ் நன்றாக இருக்கிறது, மேல்துரு மட்டும்.

ஸ்பிரிங்_பட்டை:

படத்தைப் பார்த்தேன். ஸ்லைடர் பேச்சுக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், ஸ்பிரிங் எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்? பின்பக்கப் பட்டை கிட்டத்தட்ட நேர்கோடாக நிற்கிறது. சிஜே3பி மாதிரி 80 இன்ச் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) வண்டியில் நடு வயிறு தட்டுவது குறைவாகத்தான் இருக்க வேண்டும், நீள வண்டிக்குத்தான் அந்தத் தொல்லை. ஓரம் இந்த அளவுக்கு அடி வாங்குகிறது என்றால் வண்டி தன் உயரத்தில் இல்லை. பட்டையை வளைவு ஏற்றி வாங்குங்கள், முதன்மைப் பட்டை வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஒன்றரை இன்ச் உயரம் திரும்பக் கிடைக்கும். பாதிக் கல் அதிலேயே தப்பிவிடும்.

கொல்லிமலை_70:

பிளேட்டுக்கு ஆதரவாக யாரும் பேசவில்லையே. என் ஜீப்பில் பிளேட்தான். 5 மிமீ தகட்டை எல் வடிவில் மடித்து, ஓரத்தை முழுக்க மூடி, அடியில் தரை வரைக்கும் போகிறது. பக்கத்துக்கு ஏழெட்டு போல்ட். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டு இருக்காது, புதருக்குள் கிளை மாட்டாது, வண்டியின் தோற்றமும் கெடாது. பைப் போட்டால் பழைய ஜீப் அழகே போய்விடும்.

மலையேறி_96:

மாமா, உங்க வண்டி எழுபது கொண்டை ஊசி வளைவும் தார்ரோட்டுலயே ஏறி இறங்குது. அதுக்குப் பிளேட் இல்லாட்டியும் ஒன்னும் ஆகாது :D

கொல்லிமலை_70:

மலைக்கு மேலே தார் இல்லாத ஊரும் இருக்கிறது, வந்து பார்.

பழைய_பட்டறை:

பிளேட்டை ஒதுக்கவும் முடியாது. கிளை, சிறு கல், சக்கரம் வாரியடிக்கிற ஜல்லி இவற்றுக்கு அது போதும். வழுக்கிப் போகவும் நல்லது, ஏனென்றால் மாட்டுவதற்கு மூலையே இல்லை. ஆனால் விழுகிற அடி எல்லாம் கடைசியில் பாடித் தகட்டுக்குத்தான் போகிறது. 5 மிமீ பிளேட் மடங்காது, அதைப் பிடித்திருக்கிற 1.2 மிமீ தகடு போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழியும். உள்ளே அகலமான வாஷரோ, முழு நீளப் பட்டையோ கொடுத்தால் கொஞ்சம் தாங்கும்.

பெரிய பிரச்சினை பிளேட்டுக்கும் பாடிக்கும் நடுவில் தங்கும் ஈரம். ஓரத் தகட்டின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. பிளேட் அதை மூடிவிடும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுகிறவர்களுக்குப் பரவாயில்லை. கழற்றாதவர்கள் வண்டியில் பிளேட் மட்டும் மிஞ்சும்.

அளவுகோல்:

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், சண்டை குறையும்.

வண்டி எடை ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க ஸ்லைடர் அதில் பாதியை, 500 கிலோவைத் தாங்குகிறது. இந்த ஜீப்பில் சேஸிஸ் ஒடுக்கம், பாடி இரண்டு பக்கமும் நன்றாக வெளியே தள்ளி நிற்கும். சேஸிஸ் வெளிமுகத்திலிருந்து பைப் நடு வரைக்கும் 13 இன்ச், 0.33 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் அளந்து சொல்லட்டும். 500 ஐ 0.33 ஆல் பெருக்கினால் 165. பைப்பைச் சேஸிஸோடு பிடிக்க மூன்று தாங்கு கால் வைத்தால் ஒரு காலுக்கு 55 திருப்பு விசை (கிலோவை மீட்டரால் பெருக்கிய கணக்கு). சேஸிஸ் உயரம் ஏறக்குறைய நாலு இன்ச், அதில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 75 மிமீ கிடைக்கும். 55 ஐ 0.075 ஆல் வகுத்தால் 733 கிலோ. கல் கீழிருந்து மேலே தள்ளுவதால் இழுவை கீழ் போல்ட்டுக்குத்தான். கீழே இரண்டு போல்ட் இருந்தால் ஆளுக்கு 370 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

8.8 கிரேடு (உறுதி வகை) எம்12 (12 மிமீ) போல்ட் நிரந்தரமாக நீளாமல் சுமார் 5 டன் இழுவையைத் தாங்கும். மெல்ல உட்காராமல் தொம்மென்று விழுந்து விசை மூன்று மடங்கானாலும் போல்ட்டுக்குக் கவலை இல்லை. கவலை சேனலின் நிற்கும் தகட்டுக்குத்தான். போல்ட் தலைக்கு அடியில் அது குழிந்து, சி சேனல் திறந்த பக்கமாகத் திருகிக்கொள்ளும். அதனால் உள்பக்கம் 6 மிமீ பின்தகடு கட்டாயம். போல்ட்டைப் பெரிதாக்குவதால் பயன் இல்லை.

பைப் விஷயம்: கடையில் ஒன்றரை இன்ச் என்று கேட்டால் வெளிவிட்டம் எல்லாமே 48.3 மிமீ. மாறுவது சுவர்த் தடிமன். ஏ கிளாஸ் 2.9, பி கிளாஸ் 3.2, சி கிளாஸ் 4 மிமீ. எடை மீட்டருக்கு பி 3.6 கிலோ, சி 4.4 கிலோ பக்கம். 80 இன்ச் வீல்பேஸில் 28 இன்ச் டயர் போனால் நடுவில் 52 இன்ச்தான் மிச்சம். சக்கரம் திரும்பவும் ஸ்பிரிங் அமுங்கவும் இடம் விட்டால் ஸ்லைடர் நீளம் 47, 48 இன்ச். பக்கத்துக்கு இரட்டைப் பைப் போட்டாலும் பி கிளாஸுக்கும் சி கிளாஸுக்கும் மொத்த வண்டியில் நாலு கிலோ வித்தியாசம். சி கிளாஸே வாங்குங்கள்.

மலையேறி_96:

சதுரக் குழாய் போட்டா என்ன? 50க்கு 50, 4 மிமீ. வெட்டவும் ஒட்டவும் லேசு. உருளைப் பைப்ல மீன் வாய் மாதிரி வெட்டித்தானே சேர்க்கணும்.

பழைய_பட்டறை:

சதுரமும் போடலாம், பலமும் அதிகம். ஆனால் கீழ் விளிம்பு கல்லில் மாட்டும், தட்டை முகம் குழியும். வெளிப் பைப் உருளை, உள் பைப் சதுரம் என்று செய்கிறவர்களும் உண்டு. வெட்டுவது கஷ்டம் என்பதற்காக உருளையை விடாதீர்கள். காகிதத்தில் அச்சு எடுத்துச் சுற்றி, சாக்பீஸால் கோடு போட்டு, கிரைண்டரில் எடுத்தால் போதும்.

பைப் வாங்கும்போது கறுப்புப் பைப் என்று சொல்லி வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை அப்படியே வெல்டு வைத்தால் வெள்ளைப் புகை வரும், அன்று ராத்திரி வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் வரும். மூடிய ஷெட்டில் என்றால் இன்னும் மோசம். ஜிஐ தான் கிடைத்தது என்றால் வெல்டு விழும் இடத்தில் பூச்சை முழுக்க அரைத்து எடுத்துவிட வேண்டும். பைப்பில் நீளவாட்டில் ஓடும் தையல் கோடு கல் படும் பக்கம் வராமல் மேல்பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

ஹட்டன்_லேண்டி:

வணக்கம் அண்ணாமார். நான் இலங்கையில் ஹட்டன் பக்கம். எஸ்டேட் காலத்து சீரிஸ் டூஏ லேண்ட் ரோவர் வைத்திருக்கிறேன். உங்களுடைய ஜீப் வேறு மாதிரி என்று விளங்குகிறது, ஆனாலும் இரண்டொரு விசயம் உதவலாம்.

எங்களுடைய வண்டியில் பாடி அலுமினியக் கலவை. ஓரத் தகடு வெல்டு இல்லை, போல்ட்டைக் கழற்றினால் கையோடு வரும். அதால் நசிந்தாலும் மாற்றுவது சுகம். ஆனால் இரும்பு ஸ்லைடர் அலுமினியத்தில் நேராகத் தொட்டுக்கொண்டு நின்றால், மழைத்தண்ணீர் பட்டவுடன் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையத் தொடங்கும். நடுவில் ரப்பரோ நைலோன் வாஷரோ கட்டாயம். உங்களுக்கு இரண்டும் இரும்பு, அந்தப் பயம் இல்லை.

மற்றது, எங்களுக்குச் சேஸிஸ் நாலு தகடு ஒட்டிய பெட்டி. அதில் துளை போட்டு போல்ட் இறுக்கினால் பெட்டி நசிந்துபோகும். உள்ளே குழாய்த் துண்டு வைத்து வெல்டு வைத்துத்தான் போல்ட் விட வேண்டும். திறந்த சேனல் என்றால் கை உள்ளே போகுமே, உங்களுக்கு அது லாபம்.

பெட்ரோல் தாங்கி எங்கே இருக்கிறது? எங்களுடைய 88 இன்ச் வண்டியில் வலது முன் சீட்டுக்குக் கீழே, ஓரத் தகட்டுக்குச் சற்று உள்ளே தொங்குகிறது. கல் ஓரத்தைத் தாண்டி வந்தால் அடுத்தது தாங்கிதான். நான் ஸ்லைடர் போட்டதே அதற்காகத்தான்.

தாண்டிக்குடி_ஜீப்:

எனக்கும் சீட்டுக்கு அடியில்தான் டேங்க், ஹட்டன் நண்பரே. இதை நான் யோசிக்கவே இல்லை. அளவுகோல் சார், அளந்தேன். 13 இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். உங்கள் கணக்கு அப்படியே பொருந்தும்.

ஆர்சி_புக்:

சட்டப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1972 வண்டி என்றால் ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம், நம்பரில் 'விஏ' என்று வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதோடு, அந்த நம்பர் வாங்கிவிட்டால் அன்றாட ஓட்டத்துக்கு ரோட்டில் எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் அனுமதி.

சாதாரண ஆர்சியிலேயே வைத்துக்கொண்டாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. முன்னால் மாட்டும் புல்பாரை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. ஸ்லைடர் பாடி அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டினால் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோகத்தானே வேண்டும்? கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யுங்கள்.

தார்_தம்பி:

அப்போ யாருமே எதுவும் போடக் கூடாதா சார்? ரோட்டுல போற பாதி ஜீப், ஜீப்பை மாத்திக் கட்டித் தர்ற ஹரியானா ஊரு டப்வாலியில கட்டினது மாதிரி இருக்கே.

ஆர்சி_புக்:

போடுகிறார்கள் என்பதும் போடலாம் என்பதும் வேறு. விதியைச் சொன்னேன், முடிவு வண்டிக்காரருடையது. தோட்டப் பாதை சொந்த இடம், பொதுச் சாலை இல்லை. ஸ்லைடரை அங்கே மாட்டிக்கொண்டு, ரோட்டுக்கு வரும்போது கழற்றிவிட்டால் தலைவலி இல்லை.

பழைய_பட்டறை:

ஆர்சி சார் சொன்னது சட்டத்துக்காக. நான் வேறு காரணத்துக்காக அதையே சொல்கிறேன். இந்த வண்டியின் சேஸிஸில் வெல்டு வைக்க வேண்டாம். ஐம்பது வருடம் முறுக்கி முறுக்கிப் பழகிய இரும்பு. குறுக்காக ஒரு வெல்டு கோடு விழுந்தால் அதன் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். போல்ட் போடுங்கள். போடும் இடம் முக்கியம்:

சேனலின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடவே கூடாது. வளையும்போது இழுவையும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். நிற்கும் முகத்தில், விளிம்பிலிருந்து கொஞ்சம் விலகிப் போடுங்கள். கம்பெனி போட்ட ஓட்டை பக்கத்தில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஒட்டி இன்னொன்று வேண்டாம். ஸ்பிரிங் தாங்கியின் ரிவெட்டுக்கு அருகிலும் வேண்டாம்.

ஓட்டையே போட மனம் வரவில்லை என்றால் யூ போல்ட் போட்டுச் சேனலைச் சுற்றிப் பிடிக்கலாம். ஆனால் சி சேனலைச் சுற்றி இறுக்கினால் விளிம்பு உள்ளே மடங்கும், உள்ளே அடைப்புக் கட்டை இரும்பில் செய்து வைக்க வேண்டும். அப்படியும் பக்கவாட்டில் இடித்தால் நகரும். எட்டு மணிக்குத் தொடங்கி மாலைக்குள் முடிகிற வேலை வேண்டும் என்பவர்கள் செய்வது அது.

கொல்லிமலை_70:

யூ போல்ட் ஜீப்புகள் எத்தனையோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன அண்ணே.

பழைய_பட்டறை:

ஓடட்டும். ஒவ்வொரு மழைக்கும் நட்டை இறுக்கிக்கொண்டே இருப்பார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள்.

தாண்டிக்குடி_ஜீப்:

நானும் எங்கள் ஊர் வெல்டரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தது கீழே. அவர் முதலில் முறைத்தார், அளவுகோல் சாரின் கணக்கைக் காட்டியதும் அவரே ஆர்வமாகிவிட்டார்.

முதலில் ஸ்பிரிங் பட்டை நாலும் கழற்றி வளைவு ஏற்ற அனுப்பியாயிற்று. ஸ்பிரிங்_பட்டை சொன்னது சரிதான், பின்பக்க முதன்மைப் பட்டையில், போல்ட் கோர்க்கும் கண்ணுக்குப் பக்கத்தில் கீறல். மாற்றச் சொல்லிவிட்டேன். இடது ஓரத்தில் இற்றுப்போன இடத்தை வெட்டி 18 கேஜ் (1.2 மிமீ) தகடு ஒட்டு. வடிகால் ஓட்டையை மூடாமல் விடச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஸ்லைடர். ஒன்றரை இன்ச் சி கிளாஸ், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் குறுக்குத் துண்டுகள். பக்கத்துக்கு மூன்று கால். ஒவ்வொரு காலுக்கும் சேஸிஸ் உயரத்துக்கு 6 மிமீ தகடு, நாலு எம்12 போல்ட், உள்பக்கம் பின்தகடு. கேள்விகள்: பாடிக்கும் பைப்புக்கும் எவ்வளவு இடைவெளி? கால் நேராகவா, சாய்வாகவா?

பழைய_பட்டறை:

இடைவெளி 15 முதல் 20 மிமீ. பாடி ரப்பரில் ஆடும், ஸ்லைடர் சுமையில் கொஞ்சம் மேலே வளையும், இரண்டும் சந்திக்கக் கூடாது. சத்தம் வருகிறது என்று நடுவில் ரப்பர் பட்டை செருகாதீர்கள், மறுபடி சேறு தங்க இடமாகும்.

கால் சேஸிஸிலிருந்து வெளியே போகும்போது மேல்நோக்கி 15 டிகிரி சாயட்டும். வெளிப் பைப் பாடி ஓரத்தோடு நிற்கட்டும், டயரின் வெளிமுகத்தைத் தாண்டக் கூடாது. காலின் அடியில் முக்கோணத் தகடு கட்டாயம். நீளமான கால், அதில்லாவிட்டால் சேஸிஸ் தகட்டுக்குப் பக்கத்து வெல்டுதான் முதலில் விடும்.

வேலைக்கு முன்னால் பாட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க்கை வெளியே எடுத்து ஷெட்டுக்கு அப்பால் வையுங்கள். கோணிச் சாக்கை நனைத்து மூடினால் போதும் என்று எந்த வெல்டர் சொன்னாலும் கேட்காதீர்கள். காலிடேங்க் இன்னும் ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவி. சேஸிஸ் ஓரமாக ஓடும் பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் பின்தகட்டுக்கு நடுவில் நசுங்காமல் பாருங்கள். இடமில்லை என்றால் காலை அரை அடி தள்ளி வையுங்கள், குழாயை வளைக்காதீர்கள்.

பைப் முனையை மூடும்போது அடியில் 6 மிமீ ஓட்டை ஒன்று விட்டு மூடச் சொல்லுங்கள். முழுக்க அடைத்தால் கடைசி வெல்டு மூடாது, உள்ளே சூடான காற்று ஊதித் தள்ளும். பிறகு அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் வடியும், பழைய எஞ்சின் ஆயில் கொஞ்சம் உள்ளே விட்டு ஆட்டவும் உதவும்.

அளவுகோல்:

பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. பவுடர் கோட்டிங் செய்யாதீர்கள். முதல் கல்லில் உரிந்து, உரிந்த இடத்திலிருந்து பூச்சுக்கு அடியில் துரு ஊர்ந்து போகும், வெளியே தெரியாது. எபாக்சி பிரைமர், மேலே சாதாரணக் கறுப்பு எனாமல். கீறினால் சிரட்டையில் கொஞ்சம் ஊற்றி பிரஷ்ஷால் தொட்டு வைத்துவிடலாம்.

ஹட்டன்_லேண்டி:

பின் முனையைக் கொஞ்சம் வெளியே வளைத்து விடுங்கள் அண்ணா. ஒடுங்கிய வளைவில் உள்பக்கம் மரமோ கல்லோ இருந்தால் வண்டி அதில் சாய்ந்து வழுக்கிக்கொண்டு திரும்பும், பின்சக்கர வளைவுத் தகடு தப்பும். தேயிலைத் தோட்டப் பாதையில் எனக்கு ஸ்லைடரின் பெரிய பிரயோசனமே அதுதான்.

தாண்டிக்குடி_ஜீப்:

முடிந்தது! படம் பாருங்கள். ஒரு பக்கம் 16 கிலோ வந்தது. ஹட்டன் நண்பர் சொன்னபடி பின்முனை கொஞ்சம் வெளியே. பைப்புக்குள் மணல் நிரப்பி, இரண்டு பக்கமும் கட்டை அடித்து, சூடு காட்டி வளைத்தார் எங்கள் வெல்டர். ஒரு சுருக்கம் கூட இல்லை, அடியில் படுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

நேற்று மேல்தோட்டம் வரைக்கும் எடுத்துப் போனேன். ஸ்பிரிங் உயர்ந்ததாலேயே பல கல் தட்டவில்லை. ஓடைக்குப் பக்கத்தில் அந்தப் பழைய கல்லில் மட்டும் உட்கார்ந்தது. 'கர்ர்' என்று சத்தம், வழுக்கி இறங்கிவிட்டது. கறுப்புப் பெயின்ட் ஒரு சாண் நீளம் போயிற்று, பாடியில் ஒன்றுமில்லை. ஒரு சந்தேகம்: இதில் ஹைலிஃப்ட் ஜாக்கி (நீளக் கம்பத்தில் படிப்படியாக ஏறுகிற ஜாக்கி) வைத்துத் தூக்கலாமா?

ஸ்பிரிங்_பட்டை:

சேஸிஸில் பிடித்த ஸ்லைடர் என்பதால் தாங்கும். ஆனால் உருளைப் பைப்பில் ஜாக்கி நாக்கு வழுக்கும். கால் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், பைப்புக்கு அடியில் இரண்டு சிறு தகட்டுத் துண்டை வெல்டு வைத்துப் பள்ளம் மாதிரி செய்துகொள்ளுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுக்காமல் தூக்காதீர்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் கையை விடாதீர்கள்.

மலையேறி_96:

அண்ணே, சேஸிஸ் தகட்டோட அட்டை அச்சு வச்சிருக்கீங்களா? எங்க மாமா வண்டியும் சிஜே3பி தான்.

தாண்டிக்குடி_ஜீப்:

இருக்கிறது தம்பி, அளவோடு படம் எடுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கவனம், ஒரு பக்க அச்சை அப்படியே திருப்பி மறுபக்கம் வைக்க முடியாது. சைலன்சர் குழாய் வருகிற பக்கம் நடுக்காலை நான் மூன்று இன்ச் பின்னால் தள்ளினேன். உங்கள் மாமா வண்டியில் குழாய் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு ஓட்டை போடுங்கள்.

பழைய_பட்டறை:

போல்ட்டெல்லாம் கொஞ்ச நாள் ஓடிய பிறகு ஒருமுறை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்துப் பார்த்துவிடுங்கள். எம்12, 8.8 என்றால் 80 நியூட்டன் மீட்டர். நைலாக் நட்டு (தானாகக் கழலாமல் உள்ளே நைலான் வளையம் உள்ளது) போட்டிருக்கிறீர்கள் அல்லவா? கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் புது நட்டு போடுங்கள், பழையதில் பிடிப்பு இருக்காது.